ஃபைலில் ‘பேலியேட்டிவ்’ என்று எழுதியிருந்தால்: எலும்புப் புற்றுநோயும் வலித்தணிப்பும்

புற்றுநோய் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வரும் குடும்பத்தின் கையில் ஒரு ஃபைல் இருக்கும். அதன் கடைசித் தாளில் “பேலியேட்டிவ் ஆர்.டி., 8 கிரே, ஒரே தவணை” என்று டாக்டர் எழுதியிருப்பார். பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் காலேஜ் படிக்கிற பிள்ளை அந்த முதல் சொல்லைச் செல்போனில் தேடிவிடும். வந்து நிற்கிற படங்கள் எல்லாம் கட்டிலும் மங்கிய விளக்கும் கோத்த கைகளுமாக இருக்கும். “அப்போ கைவிட்டுட்டாங்களா?” என்ற கேள்வி அங்கேயே பிறந்துவிடுகிறது.

கைவிடவில்லை. அந்த ஒரு வரியில் இருப்பது ஒரு சிகிச்சை. ஆர்.டி. என்றால் கதிர்வீச்சு, நம் ஊர் பேச்சில் ‘கரண்ட் வைப்பது’. 8 கிரே என்பது அதன் அளவு. எலும்பு வலியைக் குறைக்க உலகம் முழுக்கக் கொடுக்கப்படும் வழக்கமான அளவு அது. பிரச்சினை ‘பேலியேட்டிவ்’ என்ற சொல்லில்தான். அவதியைத் தணிப்பது என்பதே அதன் பொருள். அந்தச் சொல்லுக்குப் பயந்து பலர் அந்தச் சிகிச்சையையே தள்ளிப்போடுகிறார்கள். மற்ற புற்றுநோய்களில் இப்படித் தள்ளிப்போட்டால் வலி கூடுதலாகும். எலும்பில் தள்ளிப்போட்டால் நடையே போய்விடலாம். அது எப்படி என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எலும்புப் புற்றுநோய் என்று இரண்டைச் சொல்கிறோம்

1. எலும்பிலேயே தொடங்குவது. ஆஸ்டியோசர்கோமா, யூவிங் சர்கோமா, காண்ட்ரோசர்கோமா ஆகியவை இந்த வகை. மொத்தப் புற்றுநோய்களில் இவை 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் ஆஸ்டியோசர்கோமா பெரும்பாலும் வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு, அதுவும் முழங்காலை ஒட்டி வருகிறது. பந்து விளையாடியபோது அடிபட்டது என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவிக் கட்டுப்போட்டு இரண்டு மாதம் ஓடிவிடுவது இதில்தான்.

2. வேறு உறுப்பில் தொடங்கி எலும்புக்குப் பரவுவது. மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகிய ஐந்தும் எலும்பை அதிகம் நாடிப்போகும் புற்றுநோய்கள். முதல் வகையைவிட இது பல மடங்கு அதிகம். வீட்டில் “எலும்புல கேன்சர்” என்று சொன்னால் பெரும்பாலும் இதுதான். எலும்பு மஜ்ஜையில் தொடங்கும் மைலோமா தனி ரகம், ஆனால் எலும்பை அரிப்பதில் இதற்குச் சளைத்ததல்ல.

இந்தப் பிரிவினை ஏன் முக்கியம்? முதல் வகையில் குணமாக்குவதே இலக்கு. 1970-களுக்கு முன் ஆஸ்டியோசர்கோமா வந்தால் காலை எடுத்தும்கூட ஐந்தில் நான்கு பேரைக் காப்பாற்ற முடியாமல் போனது. கீமோ வந்த பிறகு, பரவாத நிலையில் கண்டுபிடித்தால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் ஐந்து ஆண்டு தாண்டுகிறார்கள். நுரையீரலுக்குப் பரவிவிட்டால் அந்தக் கணக்கு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இரண்டாம் வகையில் பெரும்பாலும் நோயை முழுசாக அகற்ற முடியாது. ஆனால் மார்பகம், புராஸ்டேட் புற்றுநோய்களில் எலும்புக்குப் பரவிய பின்னும் பல ஆண்டுகள் வாழ்கிறவர்கள் உண்டு. அத்தனை ஆண்டுகள் அவர்கள் வலியோடு வாழ வேண்டுமா என்பதுதான் இங்கே கேள்வி.

எலும்பு ஏன் இப்படி வலிக்கிறது

எலும்பு கல் மாதிரி கிடப்பதில்லை. பழைய எலும்பைக் கரைக்கும் செல்களும் புதிதாகக் கட்டும் செல்களும் அதில் இரவும் பகலும் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. புற்றுச் செல் உள்ளே வந்ததும் கரைக்கும் செல்களை முடுக்கிவிடுகிறது. அவை அமிலத்தைச் சுரந்து எலும்பைக் கரைக்கின்றன. எலும்பு கரையும்போது அதற்குள் பொதிந்திருந்த வளர்ச்சிப் பொருள்கள் வெளியே வருகின்றன. அவற்றைத் தின்று புற்று இன்னும் வளர்கிறது. வளர்ந்த புற்று கரைக்கும் செல்களை மறுபடி முடுக்குகிறது. இந்தச் சுழற்சிதான் எல்லாவற்றுக்கும் மூலம்.

எலும்பைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது. நரம்பு நுனிகள் அதில் அடர்ந்து கிடக்கின்றன. கட்டிலின் விளிம்பில் முழங்கால் முன்னெலும்பு இடித்தால் உயிர் போகிறதே, அந்த உறைதான் காரணம். உள்ளிருந்து கட்டி அந்த உறையை இழுக்கிறது. அமிலம் நரம்பைச் சுடுகிறது. எலும்பு மெலிந்த இடத்தில் உடல் எடை விழும்போது நுண்ணிய விரிசல்கள் விழுகின்றன. இதனால் வலி மூன்று முகம் காட்டும்:

1. எப்போதும் உள்ளே இருக்கும் கனத்த, குடைகிற வலி. ராத்திரியில் கூடும்.
2. அசைந்தால் மட்டும் வெட்டுகிற வலி. படுத்திருக்கும்போது பத்துக்கு மூன்று, எழுந்து கழிவறைக்குப் போகும்போது பத்துக்கு ஒன்பது.
3. நரம்பு நசுங்குவதால் வரும் எரிச்சல், மின்சாரம் பாய்வது போன்ற சுரீர், மரத்துப்போதல்.

இரண்டாவதுதான் டாக்டர்களுக்குப் பெரிய தலைவலி. அசையும்போது வரும் வலிக்குத் தகுந்தபடி மாத்திரையைக் கூட்டினால், சும்மா படுத்திருக்கும் மீதி நேரம் முழுக்கத் தூங்கி வழிவார். குறைத்தால், கட்டிலை விட்டு இறங்கவே பயப்படுவார். மாத்திரையை மட்டும் நம்பி எலும்பு வலியைச் சமாளிக்க முடியாது என்பதற்கு இதுதான் காரணம்.

‘பேலியேட்டிவ்’ என்ற சொல்

தமிழ்நாட்டு அரசு இதை ‘நோய் ஆதரவு சிகிச்சை’ என்கிறது. வலித்தணிப்பு, நோய்த்தணிப்பு என்றும் எழுதுகிறார்கள். நோயின் மூலத்தை அகற்ற முடிகிறதோ இல்லையோ, அந்த நோயாளி படும் அவதியைக் குறைப்பது இதன் வேலை. வலி, வாந்தி, தூக்கமின்மை, பயம், பணக்கவலை, பார்த்துக்கொள்கிற மனைவியின் முதுகுவலி வரை எல்லாம் இதில் அடங்கும். லண்டனில் 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் இதை ‘முழு வலி’ என்றார். உடம்பின் வலியையும் மனசின் வலியையும் தனித்தனியாகப் பிரித்து வைத்தியம் பார்க்க முடியாது என்பது அவர் கருத்து.

அந்த இயக்கம் சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கான இல்லங்களில் தொடங்கியது. அதனால்தான் அந்தச் சொல்லின் மேல் சாவின் நிழல் இன்னும் போகவில்லை. ஆனால் கருத்து நகர்ந்துவிட்டது. 2010-ல் பாஸ்டனில் வெளியான ஓர் ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவுக்கு நோய் தெரிந்ததிலிருந்தே அதோடு சேர்த்து நோய்த்தணிப்பும். இரண்டாம் பிரிவினருக்கு மனச்சோர்வு குறைந்தது, கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகளும் குறைந்தன. அப்படியிருந்தும் அவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள்: 8.9 மாதத்துக்கு எதிராக 11.6 மாதம். அது எலும்புப் புற்றுநோய் ஆய்வு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் “பேலியேட்டிவ் போனால் சீக்கிரம் போய்விடுவார்” என்ற நம்பிக்கையை அது நன்றாகவே ஆட்டிவிட்டது.

ஆக, கீமோ நடக்கும்போதே வலித்தணிப்பும் நடக்கலாம். குணமாக வாய்ப்புள்ள பதினாறு வயதுப் பையனுக்கும் நடக்கலாம், நடக்க வேண்டும்.

என்னென்ன செய்கிறார்கள்

1. கதிர்வீச்சு. எலும்புக்குப் பரவிய புற்றுநோயில் வலிக்கும் இடத்துக்கு ஒரே நாளில் 8 கிரே கொடுப்பதும், அதையே பத்து நாளுக்குப் பிரித்து அதிக அளவாகக் கொடுப்பதும் வலியைக் குறைப்பதில் சமம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஏறக்குறைய பத்தில் ஆறு பேருக்கு நிவாரணம் கிடைக்கிறது. ஒரே தவணையில் கொடுத்தால் பின்னால் மறுபடி கொடுக்க வேண்டிய தேவை சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். தேனியிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ வந்து பத்து நாள் லாட்ஜ் வாடகை கட்டுகிற குடும்பத்துக்கு இந்த ஒற்றை நாள் எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். “ஒரு நாள்தான் வச்சாங்க, ஏமாத்திட்டாங்களோ” என்று சந்தேகப்பட வேண்டியதில்லை.

ஆனால் இரண்டு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒன்று, பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். மறுநாளே வலி போய்விடாது. இரண்டு, முதல் சில நாளில் சிலருக்கு வலி கூடும். இது தெரியாததால்தான் “கரண்ட் வச்ச பிறகு இன்னும் மோசமாயிடுச்சு” என்று அடுத்த முறை வராமலே போகிறார்கள். எலும்பிலேயே தொடங்கும் முதல் வகையில், யூவிங் சர்கோமா கதிர்வீச்சுக்கு நன்றாகப் படியும். ஆஸ்டியோசர்கோமா அவ்வளவு எளிதில் படியாது.

2. எலும்பைக் கரைக்கும் செல்களை அடக்கும் ஊசி. ஜோலெட்ரானிக் ஆசிட், டெனோசுமாப் ஆகிய இரண்டும் மேலே சொன்ன சுழற்சியை வெட்டுகின்றன. எலும்பு முறிவும் பிற சிக்கல்களும் குறைகின்றன. அரிதாகத் தாடை எலும்பு செத்துப்போகும் பக்கவிளைவு உண்டு. அதனால் ஊசிக்கு முன்பே பல் டாக்டரைப் பார்த்து, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிவிட வேண்டும். இதை மறந்துவிட்டு ஊசி போட்ட பிறகு பல் பிடுங்கப் போகிறவர்கள் உண்டு. அப்படிப் போக நேர்ந்தால் ஊசி விஷயத்தைப் பல் டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.

3. அறுவை. முறிந்த பிறகு கம்பி வைப்பதைவிட முறிவதற்கு முன் வைப்பது நல்லது. எது முறியப்போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு 1989-ல் வந்த மிரெல்ஸ் கணக்கு இருக்கிறது. நான்கு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண். உதாரணத்துக்கு, தொடை எலும்பின் மேல்பகுதியில் இடுப்பை ஒட்டிக் கட்டி இருந்தால் இடத்துக்கு 3. காலை ஊன்றினாலே வலித்தால் வலிக்கு 3. எக்ஸ்ரேயில் எலும்பு கரைந்து ஓட்டையாகத் தெரிந்தால் 3. எலும்பின் அகலத்தில் பாதியை அது பிடித்திருந்தால் 2. மொத்தம் 12-க்கு 11. ஒன்பதும் அதற்கு மேலும் வந்தால் முன்கூட்டியே கம்பி வைப்பது நல்லது என்பது பொதுவான வழிகாட்டல். “கேன்சர் முத்திப்போச்சு, இப்ப எதுக்கு ஆபரேஷன்” என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்குதான் பதில். அந்த ஆபரேஷன் ஆயுளைக் கூட்டுவதற்கு அல்ல, இருக்கும் நாளில் கழிவறைக்கு நடந்து போவதற்கு.

4. மாத்திரைகள். பாராசிட்டமால், வீக்கத்தைக் குறைக்கும் வலிமாத்திரைகள், நரம்பு வலிக்குத் தனி மருந்து, கடும் வலிக்கு மார்ஃபின். காலை எடுத்தவர்களுக்கு இல்லாத காலில் வலி வரும். அது கற்பனை இல்லை, நரம்பின் நினைவு. அதற்கும் நரம்பு வலி மருந்து உண்டு. மார்ஃபினுக்கு மட்டும் தனியாக ஒரு பகுதி தேவைப்படுகிறது.

மார்ஃபின்

உலக சுகாதார நிறுவனம் 1986-ல் புற்றுநோய் வலிக்கு மூன்று படி ஏணி ஒன்றை வகுத்தது: சாதாரண மாத்திரை, மிதமான அபினி வகை, கடைசியாக மார்ஃபின். 2018-ல் வந்த வழிகாட்டலில் ஏணியைப் படிப்படியாகத்தான் ஏற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வலி கடுமையாக இருந்தால் முதலிலேயே கடுமையான மருந்து. எலும்பு வலிக்கு இது ரொம்பப் பொருந்தும்.

எல்லோரும் கேட்கும் கேள்விகள் இவை:

1. அடிமை ஆகிவிடுவாரா? புற்றுநோய் வலிக்கு டாக்டர் பார்வையில் சாப்பிடுகிறவர்களிடம் இது அரிது. உடம்பு மருந்துக்குப் பழகுவது வேறு, அடிமைத்தனம் வேறு. கதிர்வீச்சு பலித்து வலி குறைந்தபின் மார்ஃபினைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிறார்கள். பட்டென்று நிறுத்தக் கூடாது.

2. இப்பவே கொடுத்தால் பின்னால் கேட்காமல் போகுமா? அளவைக் கூட்ட இடமிருக்கிறது. மார்ஃபினுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு கிடையாது. “கடைசிக்கு வச்சுக்கலாம்” என்று சேமித்து வைக்கிற பொருள் அல்ல அது.

3. பக்கவிளைவு? முதல் சில நாள் குமட்டல், தூக்கக் கலக்கம். அவை பழகிவிடும். மலச்சிக்கல் மட்டும் பழகாது. மார்ஃபின் எழுதிய சீட்டில் மலமிளக்கியும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டாக்டரிடம் கேளுங்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மார்ஃபின் உடம்பில் தேங்கும், அதனால் வேறு மருந்தோ தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டையோ தருவார்கள்.

4. எப்போது கொடுப்பது? சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை நான்கு மணி நேரம். வலி வந்தபின் என்று காத்திராமல் மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். அசைவு வலிக்குக் கூடுதலாக ஒரு மாத்திரை எழுதியிருப்பார்கள். குளிப்பாட்டப் போவதற்கு அரைமணி நேரம் முன்பு அதைக் கொடுத்தால், பாத்ரூம் வாசலில் வலியால் நின்றுவிடாமல் உள்ளே போய் வருவார். வெந்நீர் போடும்போதே மாத்திரையையும் கொடுத்துவிடும் வீடுகளில் இந்தச் சிரமம் குறைந்துவிடுகிறது.

இது கிடைக்காமல் போனதற்குச் சட்டமும் ஒரு காரணம். மார்ஃபின் எடுக்கப்படும் அபினியை மருந்துக்காகச் சட்டப்படி விளைவிக்கும் வெகுசில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அது விளைகிறது. ஆனால் 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரிகள் பல துறைகளிடம் தனித்தனி உரிமம் வாங்க வேண்டியிருந்தது, அவற்றில் ஒன்று காலாவதியானாலும் மீதி வீண். கணக்கில் பிசகினால் சிறை என்ற பயம் வேறு. மருந்துக் கடைகள் ஒதுங்கிக்கொண்டன. ஒரு தலைமுறை டாக்டர்கள் மார்ஃபின் எழுதாமலேயே படித்து வெளியே வந்தார்கள். 2014-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் உள்ளிட்ட ஆறு மருந்துகள் ‘அத்தியாவசியப் போதை மருந்துகள்’ என்று வரையறுக்கப்பட்டன. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அனுமதி போதும் என்றானது. சட்டம் மாறிவிட்டது, எழுதும் கை இன்னும் முழுசாக மாறவில்லை. அனுமதி பெற்ற ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும் என்பதால் தெருமுனை மெடிக்கலில் தேடி அலைய வேண்டாம்.

காத்திருக்கக் கூடாத மூன்று

1. முதுகுத்தண்டு நசுங்குதல். முதுகெலும்பில் உள்ள கட்டி தண்டுவடத்தை அழுத்துவது. முதல் அறிகுறி முதுகுவலிதான். படுத்தால் கூடுகிற வலி, நெஞ்சையோ வயிற்றையோ சுற்றிப் பட்டை கட்டியது போன்ற வலி, அப்புறம் கால் தளர்தல், மரத்தல், சிறுநீர் போகாமல் அடைத்தல். கால் தளர்ந்த அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அன்றே எம்.ஆர்.ஐ., ஸ்டீராய்டு, 24 மணி நேரத்துக்குள் கதிர்வீச்சோ அறுவையோ என்பதுதான் இலக்கு. சிகிச்சை தொடங்கும்போது நடந்துகொண்டிருப்பவர் பெரும்பாலும் தொடர்ந்து நடப்பார். அதற்குள் நடை நின்றுவிட்டவர் மறுபடி நடப்பது அரிது. “திங்கட்கிழமை ஓ.பி.யில் காட்டிக்கலாம்” என்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவரின் இரண்டு கால்களையும் எடுத்துவிட முடியும்.

2. எலும்பு முறிதல். ஊன்றினால் வலி புதிதாகத் தொடங்கினாலோ திடீரென்று கூடினாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எண்ணெய் தேய்த்து நீவவே கூடாது.

3. ரத்தத்தில் கால்சியம் ஏறுதல். கரைந்த எலும்பின் கால்சியம் ரத்தத்தில் சேர்கிறது. அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், பேச்சில் குழப்பம். “மார்ஃபின்தான் மயக்குது” என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சலைனும் ஜோலெட்ரானிக் ஆசிடும் கொடுத்தால் பலருக்குச் சில நாளில் தெளிவு வரும்.

பிறகு ஏன் போவதில்லை

நோய்த்தணிப்பு தேவைப்படுகிறவர்களில் உலக அளவில் ஏறக்குறைய 14 சதவீதம் பேருக்குத்தான் அது கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வசதி இல்லாதது ஒரு காரணம். வசதி இருக்கும் இடத்திலும் போகாததற்கு வேறு காரணங்கள் உண்டு.

நோயாளி பையனாக இருந்தால் அப்பா அம்மாவும் டாக்டரும் அந்தச் சொல்லை வாயில் எடுக்கவே தயங்குகிறார்கள். குணமாக்கப் போராடும்போது வலித்தணிப்பைப் பற்றிப் பேசுவது தோல்வியை ஒப்புக்கொள்வது போலத் தோன்றுகிறது. அதனால் பையன் கீமோவுக்கும் ஆபரேஷனுக்கும் நடுவே ராத்திரிகளைப் பல்லைக் கடித்துக் கழிக்கிறான்.

நோயாளி வயதானவராக இருந்தால் வேறு கதை. கன்சல்டிங் அறையை விட்டு அப்பா வெளியே வந்ததும், மகன் மட்டும் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வருவார். “அப்பாவுக்குக் கேன்சர்னு தெரியாது டாக்டர், வாதம்னு சொல்லி வச்சிருக்கோம்.” பாசத்தில் சொல்வதுதான். ஆனால் வாதம் என்று நம்புகிறவர் மார்ஃபின் ஏன் என்று கேட்பார், கதிர்வீச்சுக்கு ஏன் என்று கேட்பார். ஒவ்வொரு கேள்விக்கும் புதுப் பொய் வேண்டும். அனுபவப்பட்ட டாக்டர்கள் மகனோடு வாதாடுவதில்லை. அப்பாவிடமே போய், “உங்களுக்கு என்னன்னு நினைக்கிறீங்க ஐயா?” என்று கேட்கிறார்கள். அவருக்குப் பெரும்பாலும் முன்பே தெரிந்திருக்கும். பிள்ளைகள் வருத்தப்படுவார்கள் என்று அவரும் மறைத்துக்கொண்டிருந்திருப்பார்.

வீட்டுக்கு வரும் சிகிச்சை

எலும்பு நோயாளிக்கு ஆஸ்பத்திரிக்குப் போவதே தண்டனை. ஆட்டோவின் ஒவ்வொரு குலுக்கலும் எலும்பில் விழும். இந்த வைத்தியம் வீடு தேடி வருவதில்தான் அர்த்தம் இருக்கிறது. பக்கத்துக் கேரளத்தில் இது 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய சிறு அமைப்பிலிருந்து வளர்ந்தது. 2008-ல் இந்தியாவிலேயே முதலாவதாக அந்த மாநிலம் இதற்கென ஒரு கொள்கையை அறிவித்தது. உள்ளாட்சி அமைப்புகள் வழியாக நர்ஸுகள் வீட்டுக்கு வருகிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு நோய் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை மருத்துவமும் உண்டு. சர்க்கரை மாத்திரை கொடுக்க வருகிற திட்டம் என்றுதான் பலருக்குத் தெரியும். வீட்டில் படுக்கையில் ஒருவர் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

நர்ஸ் வரும்போது ஒரு நாற்பது பக்க நோட்டு தயாராக இருந்தால் போதும். அதில் எழுத வேண்டியவை நான்கு:

1. வலி பத்துக்கு எத்தனை, படுத்திருக்கும்போது தனியாக, எழுந்திருக்கும்போது தனியாக.
2. கூடுதல் மாத்திரை நேற்று எத்தனை முறை தேவைப்பட்டது, எந்த நேரம்.
3. மலம் கடைசியாக எப்போது போனது.
4. நேற்று எதுவரை நடந்தார்: கட்டில் ஓரம், ஜன்னல், திண்ணை.

நான்காவதில் திண்ணை என்றிருந்தது ஜன்னல் என்று மாறி, இரண்டு நாளில் கட்டில் ஓரம் என்று ஆனால், நர்ஸ் வரும் நாளுக்காகக் காத்திராமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.